ரத்தக் கொப்புளம்: குத்தி வடிக்கலாமா, அப்படியே விடலாமா?

தச்சன்மகள் (கேள்வி)

நேற்று மாலை மடக்கு ஏணியைச் சாத்தும்போது அதன் கீல் இடுக்கில் என் வலது ஆள்காட்டி விரலின் உட்புறச் சதை மாட்டிக்கொண்டது. உருவி எடுத்துப் பார்த்தேன். தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வரவில்லை. மரச்சட்டங்களை அடுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் கவனித்தேன்: நடுக் கணுவுக்கும் நுனிக் கணுவுக்கும் இடையே கருஞ்சிவப்பாக ஒரு கொப்புளம், சட்டைப் பொத்தான் அளவுக்கு எழும்பியிருந்தது. இன்று காலை அது ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது. தொட்டால் விறைப்பாக இருக்கிறது. இரவெல்லாம் விண் விண்ணென்று தெறித்தது.

ஊசியை நெருப்பில் காட்டிக் குத்திவிட்டால் கெட்ட ரத்தம் வெளியேறிவிடும் என்கிறார் அப்பா. கையையே தொடவிடாமல் நிற்கிறார் அம்மா. இருவருக்கும் நடுவில் நான் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தச்சு வேலை செய்கிறவள். இழைப்புளியும் உளியும் பிடிக்காமல் எனக்கு வேலை ஓடாது. கொப்புளம் இருப்பதோ சரியாகப் பிடி அழுத்துகிற இடத்தில். குத்தலாமா? ஏன் கறுத்தது? எப்போது மறுபடி வேலைக்குப் போகலாம்?

பளுதூக்கி

நான் வாரம் முழுவதும் இரும்புக் கம்பியைப் பிடிக்கிறவன். என் உள்ளங்கையில் கொப்புளம் வராத மாதம் கிடையாது. ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஓரத்தில் ஒரு குத்து, அழுத்தி வடித்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினால் மறுநாள் பயிற்சிக்குப் போய்விடலாம். இதுவரை எனக்கு ஒன்றும் ஆனதில்லை. உங்கள் அப்பா சொல்வதுதான் சரி.

ஓய்வுபெற்ற செவிலி

தச்சன்மகளே, முதல் காரியமாக அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நசுங்கிய விரல் மறுநாளும் வீங்கும். பணிக்காலம் முழுவதும் கட்டுப்போடும் அறையிலேயே கழித்தவள் நான். கொப்புளத்தோடு வந்தவர்களைவிடக் கழற்ற மறந்த மோதிரத்தோடு வந்தவர்கள்தான் என்னைப் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். சோப்பு நுரைக்கு இறங்காததை நூல் சுற்றி இறக்குவோம். அதற்கும் மசியாவிட்டால் வெட்ட வேண்டியதுதான். கல் வைத்த மோதிரத்தை வெட்டும்போது விரலுக்குச் சொந்தக்காரர் விரலைப் பார்க்கவே மாட்டார், கண்ணெல்லாம் கல்மேல்தான்.

அடுத்து எலும்பு. விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். கொப்புளத்தைத் தொடாமல், எலும்பின் மேல் நேராக அழுத்திப் பாருங்கள். நுனிக் கணு மடங்கவில்லை, விரல் கோணியிருக்கிறது, நுனி மரத்துப்போயிருக்கிறது, அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கதவு, கீல், கார்க் கதவு இவற்றில் நசுங்கிய விரலில் எலும்பு விண்டிருப்பது அபூர்வமில்லை. மேலே இருக்கும் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே அடியில் இருக்கும் முறிவைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

இவை இரண்டும் இல்லை என்றால், உங்கள் அம்மா பக்கம்தான் என் வாக்கு.

அதில் இருப்பது கெட்ட ரத்தமும் இல்லை, நல்ல ரத்தமும் இல்லை. உங்கள் ரத்தம், அவ்வளவுதான். நம் மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதனால்தான் செருப்புக் கடித்து வரும் சாதாரணக் கொப்புளத்தில் தெளிந்த நீர் மட்டும் கோத்துக்கொள்கிறது. கீலில் மாட்டும்போது நடப்பது வேறு. மேல்தோல் கிழியாமல் தாங்கிக்கொள்கிறது. அதற்கு அடியில் உள்ள அடுக்கில் ஓடும் தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி உடைகின்றன. வெளியேற வழியில்லாத ரத்தம், தோல் அடுக்குகள் பிரிந்த இடைவெளியில் தேங்கிவிடுகிறது. முதலில் சிவப்பு, ஆக்ஸிஜன் குறையக் குறையக் கருஞ்சிவப்பு, உறைந்ததும் கறுப்பு. கறுத்தது அழுகல் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அது அழுகல் இல்லை, உறைந்த ரத்தத்தின் நிறம்.

குத்தினால் என்ன ஆகும்? ஒருநாள் கடந்த கொப்புளத்தில் ரத்தம் பெரும்பாலும் உறைந்திருக்கும். ஊசி முனையில் ஓரிரு சொட்டு வரும், கட்டி உள்ளேயே நிற்கும். லாபம் அவ்வளவுதான். நட்டமோ, கிருமி புகுவதற்கு நீங்களே ஒரு வாசல் திறந்துவைத்தது. தேங்கிய ரத்தம் கிருமிக்கு நல்ல தீனி. மூடியிருக்கும் தோலைவிடச் சுத்தமான கட்டு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அடியில் புதுத் தோல் உருவாக உருவாக மேலே உள்ளது வற்றிக் காய்ந்து தானே உரியும். சின்னது ஒரு வாரத்தில் அடங்கும், பெரியது இரண்டு வாரம் எடுக்கும்.

தெறிப்பதற்கு: கையைத் தொங்கவிடாதீர்கள். உட்கார்ந்தால் மேசை மேல், படுத்தால் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் அதுவே வேறொரு கொப்புளத்தைக் கொண்டுவரும். முதல் நாளுக்குப் பிறகு ஐஸால் பெரிய பயனில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வகையறா வேண்டாம். அது ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும். ஆனால் இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ மருத்துவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு கொப்புளத்துக்காக நிறுத்துகிற மருந்து இல்லை அது.

பளுதூக்கி

அப்படியானால் இத்தனை காலம் என் கையில் ஏன் ஒன்றும் ஆகவில்லை, அக்கா? அனுபவத்தைத்தானே சொன்னேன்.

ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, உங்கள் கையில் வருவது உராய்வுக் கொப்புளம். உள்ளே நீர், மேலே தடித்த உள்ளங்கைத் தோல். பெரிதாக, விறைப்பாக, அழுத்தம் விழும் இடத்தில் இருந்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி வடிப்பதை நானும் செய்திருக்கிறேன், தோலை உரிக்காமல். அவருக்கு வந்தது நசுங்கிய காயம். ஆழம் வேறு, உள்ளே இருக்கும் சரக்கும் வேறு. உங்கள் கைக்கு ஒத்துக்கொண்டதை அவர் விரலுக்கு எழுதிக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: நெருப்பில் காட்டிய ஊசியில் கரி படியும். ஸ்பிரிட்டில் ஒரு துடை துடைத்த ஊசி கிருமி நீங்கிய ஊசியும் ஆகிவிடாது. உறை பிரிக்காத ஊசி கிடைக்கிற காலத்தில் எதற்கு இந்த வீரம்?

தச்சன்மகள்

மோதிரம் போடுவதில்லை, இயந்திர ரம்பம் பழகிய நாளிலிருந்தே. கணுக்கள் எல்லாம் மடங்குகின்றன, எலும்பை அழுத்தினால் வலியில்லை. அப்பா ஊசியை உள்ளே வைத்துவிட்டார், முகம்தான் சரியில்லை.

வேலை விஷயத்துக்கு வழி சொல்லுங்கள் அக்கா. ஒரு வாரம் சும்மா இருக்க முடியாது. நான் குத்தாவிட்டாலும் உளிப்பிடி பட்டு அதுவே உடைந்துவிட்டால்? பட்டறையில் எங்கு பார்த்தாலும் மரத்தூள்.

ஓய்வுபெற்ற செவிலி

சும்மா இருக்கச் சொல்லவில்லை. அளவு குறிக்கலாம், வரைபடம் போடலாம், இடக்கை வேலைகளைப் பார்க்கலாம். கொட்டாப்புளி அடிப்பதும், அதிரும் இயந்திரத்தை இறுக்கிப் பிடிப்பதும் சில நாள் கழித்து.

பிடித்தே ஆக வேண்டும் என்றால், மருந்துக்கடையில் மெத்தென்ற பஞ்சு அட்டை கிடைக்கும். கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிதாக நடுவில் ஓட்டை வெட்டி, கொப்புளம் அந்த ஓட்டைக்குள் உட்காரும்படி ஒட்டுங்கள். அழுத்தம் சுற்றிலும் உள்ள அட்டையில் விழும். அதன் மேல் தளர்வாக ஒரு கட்டு. கட்டிய பிறகு விரல் நுனியை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள். பிளாஸ்திரியின் பசை கொப்புளத்தின் மேல் நேராகப் படக்கூடாது. எடுக்கும்போது கொப்புளத்தின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

உடைந்துவிட்டால் பதற வேண்டாம். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பற்பசை எதுவும் அதன் மேல் படக்கூடாது. எரிச்சல்தான் மிச்சம், புதுத் தோலும் கெடும். சுருண்டுபோன மேல்தோலைக் கிள்ளி எடுக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். எடுக்காதீர்கள். சுத்தமான காஸ் துணியை நனைத்து, சுருண்ட ஓரத்தை மெல்லத் தள்ளித் தள்ளிப் பழைய இடத்திலேயே விரித்துவிடுங்கள், ஈரத்தில் அது படிந்துகொள்ளும். மேலே மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி, அதன் மேல் புண்ணில் ஒட்டாத வகைக் கட்டு. வெறும் பஞ்சை வைத்தால் இழை இழையாக ஒட்டிக்கொண்டு மறுநாள் பிய்க்கும்போது கண்ணீர் வரும். தினமும் ஒருமுறை மாற்றுங்கள். நனைந்தாலோ தூள் புகுந்தாலோ உடனே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

தோல் மூடியிருக்கும்வரை டெட்டனஸ் பேச்சே இல்லை. உடைந்து மரத்தூளோ மண்ணோ பட்டிருந்தால், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று யோசியுங்கள். அழுக்குப் பட்ட காயத்துக்கு 5 ஆண்டும், சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டும் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். துருப்பிடித்த இரும்பு என்றால்தான் டெட்டனஸ் என்பதில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் தூசியிலும் இருப்பது.

சீழ் பிடிக்கிறதா என்று எப்படி அறிவது? குறைந்துவந்த வலி திரும்ப ஏறும். சுற்றியுள்ள தோல் சூடேறும், வீங்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கசியும். விரலிலிருந்து கையை நோக்கி ஒரு கோடு ஏறும், காய்ச்சல் வரும். புத்தகங்களில் 'சிவந்திருக்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? புறங்கையால் தொட்டு, பக்கத்து விரலோடு சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு ஏறினாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

நடைப்பிரியன்

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை நோய் உண்டு. புதுக் காலணியோடு நடந்ததில் வலது குதிகாலின் ஓரத்தில் இதே போலக் கறுப்பாக ஒரு கொப்புளம். நல்லவேளையாக வலியே இல்லை. மேலே சொன்னபடி கட்டுப் போட்டுக்கொண்டு நடையைத் தொடரலாமா?

ஓய்வுபெற்ற செவிலி

ஐயா, நீங்கள் 'நல்லவேளை' என்று எழுதிய இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த இடத்தில் அந்த அளவுக்கு ஒரு கொப்புளம் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால், சர்க்கரை நோயால் பாத நரம்புகளின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். வலி இல்லாத கால், அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் ஆழத்துக்குப் போகும். கால் விரலையோ பாதத்தையோ இழந்தவர்களில் பலருக்கு ஆரம்பம் இப்படி ஒரு சில்லறைக் காயம்தான்.

மேலே நான் எழுதியது நல்ல ரத்த ஓட்டம் உள்ள விரலுக்கு. உங்களுக்கு அது பொருந்தாது. நடையை நிறுத்துங்கள், அந்தக் காலணியை ஒதுக்குங்கள், இன்றோ நாளையோ மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். இழை வைத்துத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார், பாதத்து நாடியைத் தொட்டுப் பார்ப்பார். அதுவரை வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டாம். குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். காலணியைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். ஒரு கல் கிடந்தாலும் உங்கள் கால் அதைச் சொல்லாது.

தம்புரா

எனக்கு வாய்க்குள் வந்தது. சூடாக ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலண்ணத்தின் பின்பக்கம் சட்டென்று ஒரு குமிழ், கண்ணாடியில் பார்த்தால் கருநீலம். சிறிது நேரத்தில் உடைந்து, வாய் முழுக்க ரத்தச் சுவை. முன்பும் வந்திருக்கிறது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறேன். பாடுகிற தொழில் என்பதால் கவலையாக இருக்கிறது. புற்றுநோயாக இருக்குமா?

ஓய்வுபெற்ற செவிலி

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் பல் மருத்துவர்கள் பார்க்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆஞ்சைனா புல்லோசா ஹெமரேஜிகா என்று நீளமாகப் பெயர், 1967-இல் வைத்தது. மேலண்ணத்தின் மென்பகுதியில் திடீரென்று எழும்பும், சற்று நேரத்தில் உடையும், ஒரு வாரம் பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறும். சூடான உணவும் கரகரப்பான உணவும் தூண்டிவிடும். நாட்பட ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து எடுங்கள், எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

ஆனால் இணையத்தில் எழுதியதை வைத்து அதுதான் என்று நான் முத்திரை குத்தமாட்டேன். ஒருமுறை நேரில் காட்டுங்கள், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். அது வெகுவாகக் குறைந்தாலும் வாயில் ரத்தக் கொப்புளம் வரும். அப்படியானால் அது தனியாக வராது: பல் ஈறு கசியும், மூக்கில் ரத்தம் வரும், முழங்காலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் புள்ளி புள்ளியாகச் சிவக்கும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் அந்தப் புள்ளிகள் மறையாது. அவற்றில் ஏதாவது கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை.

தச்சன்மகளின் அப்பா படித்தால் மகிழ்வார்: குத்தி வடிக்க வேண்டிய ரத்தக் கொப்புளமும் ஒன்று உண்டு. தொண்டைப் பக்கம் வேகமாகப் பெருத்து மூச்சையோ விழுங்குவதையோ அடைத்தால் மருத்துவர் அதை உடனே குத்திவிடுவார். அப்படி அடைப்பதுபோலத் தோன்றினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தச்சன்மகள்

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'பார்த்தாயா' என்று ஒரு வார்த்தைதான். முகம் மலர்ந்துவிட்டது.

புல்வெளி ஓட்டக்காரி

நான் ஒன்று கேட்கலாமா? நீண்ட தூரம் ஓடுகிறவள். என் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் கறுப்புத் திட்டு. எதிலும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை. வலியும் இல்லை. இதுவும் ரத்தம்தானா?

ஓய்வுபெற்ற செவிலி

ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தம்தான். காலணி முனையில் நகம் ஆயிரக்கணக்கான முறை மோதுகிறது, இடித்த நினைவு தனியாக எப்படி இருக்கும்? இறக்கத்தில் ஓடினால் இன்னும் அதிகம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடும் காலணியாகப் பாருங்கள்.

புதிதாக நசுங்கி, நகத்தடியில் ரத்தம் கோத்து, தூங்கவிடாமல் தெறித்தால் மருத்துவர் நகத்தில் சின்ன ஓட்டை போட்டு வடிப்பார். முதல் ஓரிரு நாளுக்குள் போனால்தான் அதில் பயன். உங்களுடையது வலியில்லாத பழைய திட்டு, அதற்கு அந்த வேலை தேவையில்லை.

ஆனால் அடிபட்ட காரணம் தெரியாத கறுப்பை நான் ஒருபோதும் 'சும்மா விடுங்கள்' என்று சொல்வதில்லை. காரணம் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். தெரியாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும். இன்று ஒரு படம் எடுத்து வையுங்கள், நகத்தின் அடிமடிப்பிலிருந்து திட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்படி. மாதம் ஒரு படம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் ஏறக்குறையப் பாதி; பெருவிரல் நகம் முழுதாக மாற ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். ரத்தம் என்றால் திட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், பின்னால் தெளிந்த நகம் முளைத்து வரும்.

நகரவில்லை, அல்லது அடியிலிருந்து நுனிவரை நீளக் கோடாக ஓடி அகலமாகிறது, அல்லது கறுப்பு நகத்தை விட்டு இறங்கிப் பக்கத்துத் தோலிலும் பரவுகிறது என்றால் காத்திருக்கவே கூடாது, தோல் மருத்துவரிடம் போக வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அபூர்வம்; ஆனால் வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி இவற்றில்தான் பெரும்பாலும் வருகிறது. ரத்தக்கட்டு என்று நினைத்தே பலர் தாமதித்துவிடுகிறார்கள். உள்ளங்காலில் காரணமில்லாமல் வந்து வாரக்கணக்கில் போகாத கறுப்புப் புள்ளிக்கும் இதே பேச்சுதான்.

புல்வெளி ஓட்டக்காரி

நன்றி அக்கா. படம் எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு திருமணம், அதுவரை நகப் பூச்சு பூசி மறைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற செவிலி

தாராளமாக. மறுநாளே துடைத்துவிடுங்கள், அடுத்த மாதப் படத்தில் எனக்கு நகம் தெரிய வேண்டும்.